என் பேரில் ஒரு மீன் வேன்

கோலசிலாங்கூர் டவுனில் பேங்க் வாசலில் பணம் போடும் மெஷின் ஒன்று இருக்கிறது. அது ஈர நோட்டை வாங்காது. உள்ளே இழுக்கும், கொஞ்ச நேரம் முனகும், பிறகு நாக்கை நீட்டுவது போல நோட்டை வெளியே தள்ளிவிடும். மீன் விற்கிறவள் கையில் காய்ந்த நோட்டு எங்கிருந்து வரும்? ஐஸ் தண்ணீர் சொட்டும் கையால்தான் காசு வாங்குகிறேன், அதே கையால்தான் சில்லறை கொடுக்கிறேன். அதனால் தினமும் மத்தியானம் வீடு திரும்பியதும் என் முதல் வேலை, நோட்டுகளைத் துணிக்கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிடுவது. ஒரு வெள்ளி நோட்டும் ஐந்து வெள்ளி நோட்டும் பிளாஸ்டிக், துணியால் துடைத்தால் போதும். பத்தும் இருபதும் ஐம்பதும்தான் கழுத்தறுப்பு. வெயில் இல்லாத நாளில் அவற்றை வரிசையாகத் தரையில் பரப்பி, மின்விசிறியைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "அக்கா, ஒங்க வீட்ல மட்டும் டுயிட் கொடியில காய்க்குதுலா" என்பாள். டுயிட் என்றால் மலாயில் பணம். "வாசம் புடிச்சா பறிச்சுக்க" என்பேன். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவாள்.

காய்ந்த நோட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றால், எனக்கு முன்னால் நிற்கிறவர் ஒரு அடி நகர்வார், பின்னால் நிற்கிறவர் இரண்டு அடி. முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. பிறகு பழகிவிட்டது. இடம் தாராளமாகக் கிடைத்தால் நல்லதுதானே. இரண்டு வருஷம், பேங்க் விடுமுறைகூடப் பார்க்காமல், விற்ற பணத்தை அன்றன்றைக்கே அந்த மெஷினில் போட்டேன். எல்லாம் ஒரு வேனுக்காக. வேனுக்காக என்று மட்டும் சொன்னால் அது முழு உண்மை ஆகாது. அந்த வேன் என் பேரில், என் ஒருத்தி பேரில், யாருடைய ஜாமீனும் இல்லாமல் வரவேண்டும் என்பதற்காக.

ஏன் அப்படி ஒரு பிடிவாதம் என்று கேட்டால், பழைய கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. யாராவது பணம் கேட்டால் யோசிப்போம். பேர் கேட்டால் உடனே கொடுத்துவிடுவோம். குடும்பத்தில் ஒருத்தருக்குச் சம்பளச் சீட்டு வருகிற வேலை இருந்தால் போதும், அண்ணன் ஓட்டுகிற காடி, மச்சான் மோட்டர் சைக்கிள், சின்னம்மா வீட்டு ஃபிரிட்ஜ் எல்லாம் அவர் பேரில்தான். எங்கள் வீட்டில் அந்த ஒருத்தி நான். கணவர் இறந்து, மகள் ஆரம்பப் பள்ளியில் இருந்த சமயம். ரப்பர் கையுறை ஃபேக்டரியில் வேலை. மாதம் பிறந்தால் சம்பளச் சீட்டு கையில் இருக்கும். தம்பி லோரியில் சாமான் ஏற்றி இறக்கும் கூட்டாளியாகப் போய்க்கொண்டிருந்தான். கல்யாணம் ஆகிப் பிள்ளைகளும் பிறந்தபிறகு அவனுக்கு ஒரு காடி, சின்னக் கார் ஒன்று, வேண்டியிருந்தது.

"அக்கா, பேரு மட்டும் போடு. மாசாமாசம் நானே கட்டிருவேன்லா" என்றான்.

போட்டேன். பேங்கில் பேனாவை நீட்டியபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. என் கையெழுத்துக்கு ஒரு முழுக் காடி வருகிறதே என்று. அந்தக் காடியில் நான் முன் சீட்டில் உட்கார்ந்தது ஒரே ஒரு முறை, கோயில் திருவிழாவுக்குப் போனபோது.

இரண்டு வருஷம் ஒழுங்காகக் கட்டினான். பிறகு லோரி வேலை போய்விட்டது. கட்ட முடியாமல், எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல், காடியை இன்னொருத்தனிடம் கொடுத்துவிட்டான். இதை மலாயில் சம்போங் பாயார் என்பார்கள். வண்டியை ஓட்டுகிறவன் மாறுவான், மீதித் தவணையை அவன் தொடர்ந்து கட்டுவான், பேங்கில் பேர் மட்டும் பழைய பேராகவே இருக்கும். ரோட்டோர ஒட்டுக்கடையில் தே தாரிக் டீ குடித்துக்கொண்டே பேசி முடித்த ஏற்பாடு. அந்த ஆள் நாலு மாதம் கட்டினான். அப்புறம் ஆளையும் காணோம், காடியையும் காணோம். பேங்க் அதைத் தேடிப் பிடித்து ஏலம் விட்டபோது பாதிக் கடனுக்குக்கூடப் போகவில்லை. மீதி என் தலையில். கோர்ட்டுக் கடிதங்கள் எல்லாம் நாங்கள் முன்பு குடியிருந்த தோட்டத்து லயத்து விலாசத்துக்குப் போயிருக்கின்றன. அந்த லயத்தை இடித்து, அங்கே செம்பனை எண்ணெய்க் கன்னு நட்டு, அதுவும் என் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. கடிதத்தை யார் வாங்குவது?

எனக்கு விஷயம் தெரிந்தது பாஸ்போர்ட் ஆபிசில். கோயில் ஆட்களோடு சேர்ந்து பழனிக்குப் போகலாம் என்று விண்ணப்பம் போட்டிருந்தேன். கவுண்டரில் இருந்த மலாய்க்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் கம்ப்யூட்டரைப் பார்த்தார். நான் திவால் ஆனவள், நாட்டை விட்டு வெளியே போக முடியாது என்று மெதுவாகச் சொன்னார். நான் சிரித்துவிட்டேன். எனக்குத் தெரிந்து திவாலானவர்கள் எல்லாம் கம்பெனி வைத்து, பங்களா கட்டி, பேப்பரில் படம் வந்தவர்கள். பஸ்ஸில் வந்து இறங்கியவளுக்கு அந்தப் பட்டம் எப்படிக் கிடைக்கும்? அவர் சிரிக்கவில்லை.

தம்பி வந்து அழுதான். உண்மையாகவே அழுதான். சில மாதம் பணம் கொண்டுவந்து கொடுத்தான், பிறகு அவன் போன் நம்பர் மாறிவிட்டது. அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாகப் போயிருக்கும், திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

ஆறு வருஷம் மாதாமாதம் திவால் இலாகாவுக்குக் கட்டினேன். நடுவில் ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். படகுகள் வந்து சேரும் ஜெராம் ஜெட்டியில் தினக்கூலிக்கு மீன் பிரிக்கப் போனேன். படகு வந்து கொட்டியதும் கெம்போங் மீன் ஒரு பக்கம், கெளுத்தி ஒரு பக்கம், இறால் ஒரு பக்கம் என்று பிரிக்கவேண்டும். கெளுத்தி முள் குத்திக் குத்தி விரல் மரத்துப்போய்விட்டது. ஆனால் மீனைப் பார்த்த உடனே, இது இன்றைக்கு வந்ததா நேற்று வந்ததா என்று சொல்லும் கண் கிடைத்தது. கடைசியில் ஒருநாள் திவாலிலிருந்து என்னை விடுவித்துவிட்டதாகக் கடிதம் வந்தது. அன்றைக்கே அதைப் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டி, சாமி மேடைக்குப் பின்னால் வைத்தேன். அடுத்த வாரம் என் பேரில் வியாபாரத்தைப் பதிந்து, மோட்டருக்குப் பின்னால் சிவப்புப் பெட்டி ஒன்றைக் கட்டி, மீன் விற்கக் கிளம்பிவிட்டேன்.

விடியற்காலை ஜெராமில் மீன் எடுத்தால், மத்தியானத்துக்குள் தோட்டங்களையும் தாமான் குடியிருப்புகளையும் சுற்றிவிடுவேன். என் ஹார்ன் சத்தம் எல்லோருக்கும் தெரியும், இரண்டு குட்டை ஒரு நெட்டை. வியாபாரம் நன்றாகத்தான் போயிற்று. ஆனால் ஒரு பெட்டியில் எவ்வளவு அடங்கும்? அது போதாதென்று ஒரு மழை நாளில் புக்கிட் ரோத்தான் பக்கம் வளைவில் சறுக்கி விழுந்தேன். கெம்போங் எல்லாம் ரோட்டில் நீந்தின. எனக்கு முழங்கால் பெயர்ந்தது. லோரிக்காரர் ஒருவர் இறங்கி வந்து, என்னைத் தூக்குவதற்கு முன்னால் மீனைப் பொறுக்க ஆரம்பித்தார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

அதே சமயத்தில் சுங்கை சோ பக்கம் குடிபோயிருந்த எங்கள் பழைய தோட்டத்து ஆட்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். "இங்க பாசார்ல மீனு செத்து மூணு நாளாகுதுலா. ஞாயித்துக்கெழம ஜெராம் மீன் கொண்டாங்களேன், தெருவே வாங்கும்." அவ்வளவு தூரம் ஐஸ் பெட்டியோடு மோட்டரில் போக முடியாது. வேன் வேண்டும்.

பழைய வண்டி விற்கும் கடையின் தவுக்கே, சீன முதலாளி ஒருவர், எனக்கு நல்ல பழக்கம், வாரம் ஒரு வவ்வால் மீன் என்னிடம் வாங்குவார். அவர் கடையில் வெள்ளை வேன் ஒன்று நின்றது. வண்டிக்கடனுக்கு என் விவரத்தை இரண்டு இடத்துக்கு அனுப்பிப் பார்த்தார். இரண்டும் திரும்பி வந்தன.

"அக்கா, ஒன் பேரு லொக்கா, லோன் வராது" என்றார், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு. "மகள் பேரு போடு. ரெண்டு நாள்ல வண்டி எடு."

மகள் அப்போது ரவாங்கில் ஒரு ஃபேக்டரி ஆபிசில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவளுக்கும் சம்பளச் சீட்டு வருகிறது. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே மூன்று மாதச் சீட்டை எடுத்து மேசையில் வைத்துவிட்டாள்.

"உள்ள வை" என்றேன்.

"ஏம்மா? மாமா மாதிரி நீங்க ஓடிடுவீங்களா?"

"ஓட மாட்டேன். விழுவேன். மோட்டர்லேர்ந்து விழுந்தேனா இல்லையா? நாளைக்கு வேனோட கவுந்தேன்னா ஒன் பேரு என்னாகும்?"

"அப்ப நான் பாத்துக்குவேன்."

"நானும் அப்படித்தான்டி நெனச்சேன்."

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்கு என்மேல் நம்பிக்கை இருக்கிறது, எனக்குத்தான் அவள்மேல் இல்லை என்று நினைத்துவிட்டாள். அப்படி இல்லை என்று சொல்லத் தெரியாமல் நான் வெளியே நின்று துணி மடித்தேன்.

நானே நேராகப் பேங்குக்குப் போனேன். வண்டிக்கடன் பகுதியில் இருந்தது எங்கள் தமிழ்ப் பெண்தான், முப்பது வயதுகூட இருக்காது. தோட்டத்து ஆட்கள் வழி வந்த பெண் என்பது பேச்சிலேயே தெரிந்தது. என் கையில் ஆறு மாதக் கணக்கு அறிக்கை, ஜூனிலிருந்து நவம்பர் வரை. அவள் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

"ஆன்ட்டி, செப்டம்பர் பாதியிலேர்ந்து அக்டோபர் பாதி வரைக்கும் ஒண்ணுமே காணோம். ஒடம்பு சரியில்லையா?"

"புரட்டாசிம்மா."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எங்க வீட்லயும் ஒரு மாசம் சைவம்தான் ஆன்ட்டி. ஆனா மேலிடத்துல இத எப்படி எழுதுறது?"

எழுதிப் பார்த்தாள் பாவம். ஒரு மாதம் முழுவதும் வருமானம் இல்லாத ஆளுக்கு வண்டிக்கடன் கிடையாது என்று கோலாலம்பூரிலிருந்து பதில் வந்தது. எனக்குக் கோபம். பெருமாள் மேல் இல்லை, மேலிடத்தின் மேலும் இல்லை, என் மேல்தான். மீன்காரி, அதுவும் விரதம் இருக்கிற மீன்காரி, வருஷத்தில் எந்த மாதத்தில் யாவாரம் படுக்கும் என்று எனக்குத் தெரியாதா? அந்த மாதத்தை நடுவில் வைத்துக் கணக்கை எடுத்துக்கொண்டு போய் நீட்டியிருக்கிறேன்.

அந்தப் பெண் என்னைச் சும்மா அனுப்பவில்லை. "ஆன்ட்டி, திவாலுக்கு அப்புறம் ஒங்க பேர்ல எதுவுமே இல்ல. கடன் இல்லங்கறது நல்லதுதான், ஆனா வாங்கி ஒழுங்கா கட்டினீங்கன்னு காட்டவும் ஒண்ணும் இல்லலா. சின்னதா ஆரம்பிங்க" என்றாள்.

ஆரம்பித்தேன். போன் பில்லை என் பேரில் மாற்றினேன். மீன் வைக்கும் ஃப்ரீசரைத் தவணையில் எடுத்தேன். பேங்கில் என் சொந்தப் பணத்தையே கொஞ்சம் பூட்டி வைத்து, அதைக் காட்டி ஒரு சின்ன கிரெடிட் கார்டு வாங்கினேன். என் பணத்தை அவர்களிடம் கொடுத்துவிட்டு, அவர்கள் என்னை நம்புவதற்காக நான் காத்திருக்கவேண்டும். படித்தவர்கள் மூளையே மூளை. அந்தக் கார்டில் பெட்ரோலைத் தவிர வேறு எதையும் வாங்கியதில்லை. தவணை நாளுக்கு முதல் நாளே போய் நிற்பேன். ஃப்ரீசர் கடைப் பையன், "நாளைக்குத்தானே அக்கா" என்பான். "நாளைக்கு நீ கடையத் தொறக்கலன்னா?" என்பேன்.

இதெல்லாம் பொறுமை இருந்தால் செய்துவிடலாம். புரட்டாசியை என்ன செய்வது? அதைப் பற்றித்தான் அந்த வருஷம் முழுவதும் யோசித்தேன். கடைசியில் தோன்றியது ரொம்பச் சாதாரண யோசனை. என் வாடிக்கைக்காரர்கள் அந்த மாதம் மீன் தின்பதில்லையே தவிர, பட்டினி கிடப்பதில்லையே.

தஞ்சோங் காராங் பக்கத்துக் காய்கறித் தோட்டங்களில் பேசிவைத்தேன். வெண்டை, கத்தரி, பயற்றங்காய், கங்கோங் கீரை, அதோடு சோயா தௌஃபூ. மீன் பெட்டியில் வைத்துக் காய்கறி விற்றால் புரட்டாசிக்காரர்கள் என்னை அடிக்கவே வருவார்கள். அதனால் புதிதாக ஒரு பச்சைப் பெட்டி வாங்கினேன். முதல் நாள் தாமானில் நிறுத்தினால், நான்கு பெண்கள் பெட்டிக்குள் தலையை விட்டு மோந்து பார்க்கிறார்கள். ஒருத்தி மூடியையும் மோந்தாள். இன்னொருத்தி என்னையே மோந்தாள்.

"பெட்டி புதுசுக்கா. ஆனா நீங்க பழசுதானே" என்றாள்.

"நானும் மூணு தடவ குளிச்சிட்டுத்தான்டி வந்தேன், வெண்டக்காய எடு" என்றேன்.

காலையில் பச்சைப் பெட்டி. மத்தியானம் வீட்டுக்கு வந்து சிவப்புப் பெட்டியை மாற்றிக் கட்டிக்கொண்டு, ஆற்றோரத்து மலாய்க் கம்பங்களுக்கு, கிராமங்களுக்கு, மீன். அங்கே என்னைத் தெரியாது, ஹார்னும் தெரியாது. முதல் வாரம் தெருநாய்கள்தான் வரவேற்றன. செதிலை எடுத்து, வயிற்றைக் கழுவிக் கொடுக்கிறேன் என்று தெரிந்ததும் மக்சிக்மார்கள், அந்த ஊர் அத்தைமார்கள், பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒரு நாளைக்கு இரண்டு சுற்று, இரண்டு குளியல். உடம்பு ஓய்ந்துபோகும். ஆனால் அந்த மாதமும் மெஷின் முன்னால் தினமும் நின்றேன். அறிக்கை வந்தபோது அந்த இடத்தைத்தான் முதலில் பார்த்தேன். ஓட்டை இல்லை. மற்ற மாதங்களைவிட ஒரு துளி கூடவே இருந்தது. சமையலறையில் தனியாக நின்று, அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு ஆட்டம் போட்டேன். இதை மகளிடம்கூட இதுவரை சொல்லவில்லை.

காடி லைசென்ஸும் அந்த வருஷத்தில்தான் எடுத்தேன். மேட்டில் நிறுத்தி ஏற்றும் இடத்தில் ஒரு தடவை வண்டி பின்னால் உருண்டு தோற்றேன். இரண்டாம் தடவை உருளவில்லை.

மறுபடி விண்ணப்பித்தபோது, வியாபாரத்தை நேரில் பார்த்துப் படம் எடுத்து வரச் சொல்லி மேலிடத்தில் கேட்டார்கள். பேங்குப் பெண் ஒரு காலையில் தன் சின்னக் காடியில் என் மோட்டருக்குப் பின்னால் வந்தாள். பேங்கிலிருந்து ஆள் வருகிறது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் காலில் ஆபிஸ் சப்பாத்தைப் பார்த்ததுமே தாமான் பெண்களுக்குப் புரிந்துவிட்டது. எனக்கு உதவி செய்கிறேன் என்று ஒருத்தி முன்னால் வந்தாள்.

"எங்க அக்கா தங்கம்லா. கையில காசு இல்லன்னு சொன்னா போதும், எவ்வளவு மீன் வேணும்னாலும் கடனா குடுத்துட்டுப் போயிரும். கேக்கவே மாட்டாங்க!"

பேங்கு ஆள் முன்னால் சொல்கிற பேச்சா இது? வாயை மூடு என்று கண்ணால் சொன்னேன். அதை அவள் பாராட்டாக எடுத்துக்கொண்டு, "எல்லாருக்கும் குடுப்பாங்க" என்று சேர்த்தாள்.

பேங்குப் பெண் பேனாவை எடுத்தாள். "அப்ப திருப்பி எப்ப கட்டுவீங்க?"

"சம்பளத்தன்னைக்கே. கட்டலன்னா வாசல்ல மோட்டர நிறுத்தி ஹார்ன அடிச்சுக்கிட்டே இருக்கும் இந்தம்மா. தெரு பூரா வெளிய வந்து பாக்கும். யாருக்கு அந்த மானக்கேடு?"

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே எழுதினாள். என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியாது. போகும்போது அரைக் கிலோ இறால் வாங்கினாள், சும்மா கொடுத்தபோது மறுத்துக் காசு கொடுத்தாள்.

அடுத்த வாரம் பேங்குக்கு வரச் சொன்னாள். மகள் லீவு போட்டுக்கொண்டு தன் காடியில் கூட வந்தாள். துணைக்கு என்றுதான் நினைத்தேன்.

"ஆன்ட்டி, எல்லாம் நல்லா இருக்கு" என்றாள் பேங்குப் பெண். "ஆனா பழைய விஷயம் இன்னும் அறிக்கையில தெரியுது. ஜாமீன் ஒருத்தர் இருந்தா இன்னைக்கே முடிச்சிரலாம். இல்லன்னா மேலிடம்தான் முடிவு பண்ணும். முன்பணம் கூடுதலா கேப்பாங்க. ரிஜெக்ட் ஆனாலும் ஆகலாம், நான் பொய் சொல்ல மாட்டேன்."

மகள் கைப்பையைத் திறந்தாள். உள்ளே அடையாளக் கார்டு, சம்பளச் சீட்டு, எல்லாம் தயாராக இருந்தது. ஒரு வருஷமாக அவள் மனம் மாறவே இல்லை.

அந்த வேன் எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்குத்தான் தெரியும். மழை பெய்யும்போதெல்லாம் முழங்கால் வலித்தது. ஞாயிறு தவறாமல் சுங்கை சோவிலிருந்து போன் வந்தது. ஒரு கையெழுத்துதான், பெற்ற மகள்தான், நான் ஓடப்போவதும் இல்லை. எல்லாம் தெரியும். ஆனால் அவள் பேனாவை எடுத்த விதம் எனக்குத் தெரிந்த விதம். அப்படித்தான் நானும் ஒருநாள் பேனாவை எடுத்தேன், அவ்வளவு சந்தோஷமாக. மீன் வாசம் போகாத கையை அவள் கைப்பையின் மேல் வைத்து மூடினேன்.

"ஜாமீன் இல்லாமலே அனுப்பும்மா" என்றேன். "இல்லன்னு வந்தா அடுத்த வருஷம் வரேன்."

வீட்டு வாசலில் காடியை நிறுத்திவிட்டு மகள், "எனக்காகத்தானே?" என்று மட்டும் கேட்டாள். "ஆமா" என்றேன். அவள் ஸ்டேரிங்கின் மேல் சாய்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். எனக்கும் வந்தது.

ஒன்பது நாள். பத்தாவது நாள் காலை ஜெராம் ஜெட்டியில் கூடைக்குள் கையை விட்டிருந்தேன், இடுப்பில் பிளாஸ்டிக் பைக்குள் போன் அடித்தது. விரலால் அமுக்கினால் ஈரத்தில் வேலை செய்யவில்லை. மூக்கால் அமுக்கினேன்.

"ஆன்ட்டி, பாஸ் ஆயிருச்சு. ஜாமீன் இல்லாம."

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னாள். ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். படகுக்காரர், வயதான மலாய்க்காரர், நான் அழுவதைப் பார்த்து ஓடி வந்தார். பாஸ், பாஸ் என்று மட்டும்தான் எனக்குச் சொல்ல வந்தது. மகளுக்குப் பரீட்சையா என்று கேட்டார். இல்லை, எனக்கு என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் ஒரு பெரிய நண்டை எடுத்து என் கூடையில் போட்டார்.

முன்பணத்துக்கு என் சேமிப்பு மொத்தமும் போயிற்று. பரவாயில்லை. கையெழுத்துப் போடும் அன்று பக்கத்துக்குப் பக்கம் இது என்ன, இது என்ன என்று கேட்டேன். அந்தப் பெண்ணும் சலிக்காமல் சொன்னாள். பழைய தடவை ஒரு பக்கத்தைக்கூடக் கேட்காமல் போட்டவள் நான். ஜாமீன்தாரர் என்று இருந்த பக்கம் வந்ததும் அவள் ரூலரை எடுத்து, கட்டத்தின் குறுக்கே ஒரு நீளக் கோடு போட்டாள்.

"இந்தப் பக்கத்த மட்டும் ஒரு படம் எடுத்துக்கவா?" என்றேன்.

"எல்லாரும் வண்டிச் சாவியோடதான் ஆன்ட்டி படம் எடுப்பாங்க."

"எனக்கு இதுதான் வேணும்."

அந்தப் படம் இன்றைக்கும் என் போனில் இருக்கிறது. வேன் முன்னால் ஒரு துணி வெளுக்கும் கடைக்காரரிடம் இருந்ததாம், அழித்த எழுத்துகள் பக்கவாட்டில் இன்னும் லேசாகத் தெரியும். முதல் ஞாயிறு சுங்கை சோவுக்கு நான் ஓட்டிய ஆமை வேகத்துக்குப் பின்னால் வந்த லோரிகள் எல்லாம் ஹார்ன் அடித்தன. அடிக்கட்டும். தெருமுனையில் நிறுத்தி நானும் அடித்தேன், இரண்டு குட்டை ஒரு நெட்டை. கதவுகள் திறந்து பெண்கள் வந்தார்கள். என் வயதில் ஒருத்தி வேனை ஒரு தட்டுத் தட்டி, "நம்ம தோட்டத்துப் பிள்ள வண்டி" என்றாள். அன்றைக்கு நான் எவ்வளவு நிமிர்ந்து நின்றேன் என்றால், மறுநாள் முதுகு வலித்தது.

சித்திரையில் ஒரு ஞாயிறு சாயங்காலம் தம்பி வந்தான். இப்போது ஜொகூரில் லோரி ஓட்டுகிறான், வருஷத்துக்கு ஒரு தடவை வருவான். வந்ததும் வேனை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான்.

"யார் பேர்லக்கா?"

"என் பேர்ல."

"ஜாமீன்?"

"யாரும் இல்ல."

அவன் கண் கலங்கியது. பொய் இல்லை, எனக்குத் தெரியும். உள்ளே வந்து தேத்தண்ணி குடித்தான். பழைய தோட்டத்தைப் பற்றிப் பேசினான், தன் பெரிய மகனுக்கு வேலை கிடைத்ததைச் சொன்னான். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் ஆரம்பித்தான்.

"அக்கா, பெரியவனுக்கு வேலைக்குப் போக ஒரு மோட்டர் வேணும். என் பேர்ல கெடைக்காது. நீ பேரு மட்டும் போட்டா போதும். மாசாமாசம் அவனே கட்டிருவான்லா."

சமையலறையில் மகள் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

நான் எழுந்து வேனுக்குப் போனேன். பின் கதவைத் திறந்து, மறுநாள் தவுக்கேவுக்கு என்று ஐஸில் வைத்திருந்த பெரிய வவ்வாலை எடுத்து, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிக்கொண்டு வந்து அவன் கையில் கொடுத்தேன்.

"மீனு எவ்வளவு வேணும்னாலும் கேளு, தரேன். பேரு கேக்காத."

அவன் முகம் சுண்டிப்போனது. எனக்கு வலித்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். சின்ன வயதில் நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். ஆனாலும் சொன்னதை நான் மாற்றவில்லை. அவன் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சரி என்று தலையை ஆட்டினான்.

சமையலறையில் கரண்டிச் சத்தம் மறுபடி கேட்டது. "அம்மா, எறாலும் கொஞ்சம் போட்டுக் குடுங்க" என்றாள் மகள் உள்ளேயிருந்து. "மாமா வீட்டு அத்தைக்குப் புடிக்கும்."

இறாலும் போட்டுக் கொடுத்தேன்.